மணியின் நாவைக் கட்டியவன்

அகநானூற்றின் நாலாவது பாட்டு நம் தமிழ் மேடைகளில் படாத பாடு பட்டுவிட்டது. குறுங்குடி மருதனார் எழுதியது. கார்காலம் வந்துவிட்டது, போனவன் வரவில்லை, தலைவி கலங்குகிறாள், தோழி தேற்றுகிறாள். அவன் வருகிற விதத்தைத் தோழி சொல்லும்போது ஒரு விவரம் வருகிறது: பூத்த மரங்களில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் தேர்மணியின் சத்தத்தில் கலைந்துவிடுமே என்று மணிகளின் நாவை இழுத்துக் கட்டிக்கொண்டு வருகிறான். இந்த இடத்துக்கு வந்ததும் நமது பேராசிரியர்களுக்குத் தொண்டை தழுதழுத்துவிடும். பண்டைத் தமிழனின் ஜீவகாருண்யம் என்பார்கள். மயிலுக்குப் போர்வை தந்த பேகன், முல்லைக்குத் தேர் தந்த பாரி, அந்த வரிசையில் இவனையும் நிறுத்திவிட்டு உட்காருவார்கள்.

இந்த மூன்று பேரையும் ஒரு வரிசையில் நிறுத்துவது ரசனைக் கோளாறு என்றுதான் எனக்குப் படுகிறது. பேகனும் பாரியும் கொடுக்கிறவர்கள். கொடுக்கிறவன் எப்போதும் சித்திரத்தின் நடுவில் தெரிவான். மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. (மயில் அந்தப் போர்வையை என்ன செய்தது என்று எந்தப் புலவரும் சொல்லி வைக்கவில்லை.) மருதனாரின் தலைவன் எதையும் கொடுக்கவில்லை. தன்னிடமிருந்து கிளம்பும் ஒன்றை நிறுத்திக்கொள்கிறான், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், வண்டுகளைப் பார்ப்பதற்காக அவன் தேரை நிறுத்தவில்லை. அவனுக்கு வேறு அவசரம். வண்டின் நிறம் என்ன, எத்தனை, எந்தக் கிளையில் என்பதெல்லாம் பாட்டில் கிடையாது. தோழியும் இதைக் கண்ணால் கண்டு சொல்லவில்லை. நாக் கட்டிய மணியோடு வரும் தேர் காதுக்கும் எட்டாது. இவ்வளவு தூரம் யோசிக்கிறவன் உன்னை யோசிக்காமல் இருப்பானா என்பது அவளுடைய தர்க்கம். தன் வருகையின் சத்தம் இன்னொரு உயிரின் காதில் எப்படி விழும் என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கத் தெரிந்தவன் என்பதே அவனுக்கு அவள் தரும் நற்சாட்சிப் பத்திரம்.

இந்தப் பாட்டை இப்போது எடுத்துப் பேசக் காரணம் தெப்பக்காடு. நீலகிரி மலையின் வடக்குச் சரிவு இறங்கி முதுமலைக் காட்டில் சமதளமாகிற இடத்தில், மாயாற்றின் கரையில் இருக்கிறது. மோயாறு என்றும் சொல்கிறார்கள். கூடலூர்ச் சாலையும் மசினகுடிச் சாலையும் மைசூர்ச் சாலையும் இங்கே முட்டிக்கொள்கின்றன. 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமான காடு. யானை முகாமைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கார் வாங்கியபிறகு, அந்தக் குட்டி யானை எது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதே முகாமில் ஒரு தனி உத்தியோகமாகிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது யானைக் கூட்டத்தைப் பற்றியல்ல. யானைக்காரர்களைவிடத் தங்களை ஒரு படி மேலாக நினைத்துக்கொள்கிற பறவைக்காரர்களைப் பற்றி.

ஒரு ஜனவரி மாலை பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டை, முக்காலி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பிடித்த லென்சுகள். ஆற்றோர மரமொன்றில் மீன் ஆந்தை ஒன்று பகலெல்லாம் அசையாமல் இருந்திருக்கிறது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ஆந்தை இலைக்குப் பின்னால் இருந்தது, முகம் இவர்கள் பக்கம் இல்லை. கூட்டிவந்தவர் சட்டைப்பையிலிருந்து செல்ஃபோனை எடுத்தார். இன்னொரு மீன் ஆந்தையின் குரல் அதிலிருந்து வந்தது. ஆழமான, அடிவயிற்றிலிருந்து எழும்புகிற குரல். மரத்திலிருந்த ஆந்தை திரும்பியது, அடுத்த கிளைக்கு வந்தது, கழுத்தை நீட்டிக் குனிந்து தேடியது. காமிராக்கள் படபடத்தன. எல்லோருக்கும் திருப்தி. ஒருவர் தம் வாழ்க்கைப் பட்டியலில் இது இத்தனையாவது பறவை என்று சொன்னார். ‘லைஃபர்’ என்று அதற்கு ஒரு பரிபாஷை இருக்கிறது. காகங்கள் ஆந்தையைக் கண்டுகொண்டு கரைய ஆரம்பித்தபோது இவர்கள் ஜீப்பில் ஏறிவிட்டிருந்தார்கள்.

அந்தச் சில நிமிஷங்களில் நடந்தது என்ன? பறவைக்குக் குரல் என்பது பெரும்பாலும் எல்லை. இது என் ஆற்றுத்துண்டு, என் துணை, என் மரம் என்கிற பிரகடனம். அந்நியக் குரல் கேட்டால் எதிரி வந்துவிட்டான் என்று அர்த்தம். இரை தேட வைத்திருந்த நேரமும் பலமும் இல்லாத எதிரியைத் தேடுவதில் போகிறது. அடைகாக்கும் காலமானால் முட்டை குளிர்கிறது. ஒரு நாள், ஒரு கூட்டம் என்றால் பறவை தாங்கிக்கொள்ளும். பறவை இருக்கும் இடம் பத்து வழிகாட்டிகளுக்குத் தெரிந்து, சீசன் முழுவதும் ஒவ்வொருவரும் அதே குரலைப் போட்டால் அந்த இடத்தில் பறவை குடித்தனம் நடத்த முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தில் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடக்கம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சட்டம் எழுதியவர்கள் சில சமயம் கவிகளைவிடச் சொல்லின் அர்த்தம் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். துப்பாக்கிக்காரனுக்கும் காமிராக்காரனுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் என்று பலரும் சொல்லிச் சிரிப்பார்கள். தமிழிலும் நாம் படம் ‘பிடிக்க’த்தான் செய்கிறோம்.

ஒலி போடாதே, கூட்டருகே போகாதே, ஃப்ளாஷ் அடிக்காதே, இரை வைத்து இழுக்காதே, கிளையை ஒடித்து வழி பண்ணாதே. இந்த விதிகளெல்லாம் அந்த ஏழெட்டுப் பேருக்கும் மனப்பாடம். கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். பின் ஏன் மீறுகிறார்கள்? ஒழுக்கக் குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது போதவில்லை. இது அடிப்படையில் அழகியல் கோளாறு. இன்று நல்ல பறவைப் படம் என்று எதைச் சொல்கிறார்கள்? பறவை சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு இறகும் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். கண்ணில் ஒரு ஒளிப்பொட்டு விழவேண்டும். பின்னால் இருப்பதெல்லாம், மரம், ஆறு, காடு அத்தனையும், பச்சைக் குழம்பாகக் கரைந்துவிட வேண்டும். பாஸ்போர்ட் படத்துக்கு இருக்கும் இலக்கணம் இது. குமாவுன் மலையில் சாத்தால் என்ற ஊரில் பறவை எடுக்கும் ஓரிடத்துக்கு ‘ஸ்டூடியோ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நேர்மையான பெயர்.

இந்த ருசியே கிட்டே போகச் சொல்கிறது. இலைக்குப் பின்னால் பாதி மறைந்த ஆந்தை இந்த இலக்கணத்தில் தோல்வி. அது திரும்பியாக வேண்டும், வெளியே வந்தாக வேண்டும். அதாவது தான் இருந்தபடி இருக்கிற ஆந்தை படத்துக்கு லாயக்கில்லை. கலைக்கப்பட்ட ஆந்தைதான் லாயக்கு. ஆந்தையின் அந்தப் ‘பிரமாதமான’ பார்வை பீதியின் பார்வை என்பதைப் படம் சொல்வதில்லை, பார்க்கிறவனும் கேட்பதில்லை. ருசி மாறாத வரையில் விதிப்பலகைகள் எத்தனை நட்டாலும் பிரயோஜனம் கம்மி. ருசி மாறும்போது விஷயமும் மாறும் என்பதற்குச் சின்ன உதாரணமாக ஒன்று சொல்லலாம். கூட்டில் குஞ்சுக்கு ஊட்டும் தாயின் படம் ஒரு காலத்தில் பரிசுக்கு உத்தரவாதம். இப்போது நம் நாட்டுப் போட்டிகள் பல, கூட்டுப் படத்தை வாங்குவதே இல்லை. பரிசு இல்லை என்றானபின் அந்தப் படங்களின் ‘தாய்மை’ நமக்கே கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

வேறு ருசி இருந்ததில்லையா என்றால் இருந்தது. இதே முதுமலையில் யானை மேலிருந்தும் காலால் நடந்தும் படமெடுத்தவர் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் விடாமல் பத்தி எழுதியவர். தாமே பல பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்துகொண்ட காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று கேலியாகப் பெயர் வைத்துக்கொண்டு, கடைசி வரை கறுப்பு வெள்ளையை விடாதவர். அவருடைய படங்களில் மிருகம் தன் புதரோடு, தன் புழுதியோடு இருக்கிறது. சில படங்களில் மிருகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இன்றைய ரசிகன் அதைத் தொழில்நுட்பக் குறை என்பான். எனக்கு அது ஒரு ஞானமாகப் படுகிறது. காட்டில் பார்ப்பது என்பது அப்படித்தான், பாதி மறைந்ததைப் பார்ப்பது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் பலவும் வீட்டு வாசலில் கிடைக்கிற பறவைகளைப் பற்றியவை. அபூர்வத்தைத் தேடிப் போகிற வெறி அந்த எழுத்தில் இல்லை. பட்டியலும் இல்லை. அவருக்குத் தமிழில் வாரிசு உருவாகாமல் போனதை விமர்சகர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. நமக்குக் காடு என்றால் ஒன்று குறியீடு, அல்லது சுற்றுலா.

பட்டியல் வெறிக்கு நீலகிரியில் நீண்ட வம்சாவளி உண்டு. 1830-களின் கடைசியிலேயே ஜெர்டன் என்ற ராணுவ டாக்டர் இந்த மலையின் சிரிப்பான் குருவியை உலகத்துக்கு விவரித்துவிட்டார். அதன்பின் ஹ்யூம். 1885-இல் காங்கிரசுக்கு வித்திட்ட அதே ஹ்யூம்தான். அதே வருஷத்தில் பல்லாயிரம் பறவைத் தோல்களையும் முட்டைகளையும் லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி அவர் வெளியிட்ட பெரும் புத்தகத்துக்குக் கோத்தகிரியிலிருந்து குறிப்புகள் அனுப்பியவர் மார்கரெட் காக்பர்ன் என்ற பெண்மணி. பறவைகளை அழகாக வரையவும் தெரிந்தவர். இவர்களைக் கொலைகாரர்கள் என்று இன்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திட்டுவது சுலபம், நியாயமும் ஆகாது. அவர்கள் சுட்டதால்தான் இன்று நமக்குப் பெயர்கள் தெரியும். ஆனால் ஒரு தர்க்கம் அவர்களிடமிருந்து மாறாமல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது: கையில் ஆதாரம் இல்லாவிட்டால் பார்த்தது பார்த்ததாகாது. முட்டை போய்ப் படம் வந்தது. அலமாரிதான் அதே அலமாரி.

இந்தத் தர்க்கத்தின் விலை என்ன என்பது மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுகளிடம் போகும்போதுதான் உறைக்கிறது. பிணந்தின்னிக் கழுகு என்று இழிவாகச் சொல்லிச் சொல்லி, சங்கக் கவிகள் சாதாரணமாகப் புழங்கிய ‘பாறு’ என்ற சொல்லையே நாம் மறந்துவிட்டிருந்தோம். அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் பண்டிதர்கள் அல்ல, பறவையைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள். வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு இறங்கிவிட்டது. காரணம் காமிரா அல்ல, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-இல் அது நிரூபணமாகி, 2006-இல் கால்நடைக்குத் தடையானது. அந்தப் பிரளயத்தில் தென்னிந்தியாவில் மிஞ்சிய சில நூறில் கணிசமானவை இந்தப் பள்ளத்தாக்கின் உயர்ந்த மரங்களிலும் பாறைச் சுவர்களிலும் கூடு வைக்கின்றன. ஒரு ஜோடிக்கு வருஷத்துக்கு ஒரே முட்டை. ஏறக்குறைய ஐம்பது நாள் அடைகாக்க வேண்டும், அதன்பின் மூன்று மாதத்துக்கு மேல் குஞ்சு கூட்டிலேயே இருக்கும். மரத்தடிக்கு ஆள் வந்து தாய் எழும்பிவிட்டால் முட்டை வெயிலிலும் காகத்தின் பார்வையிலும் கிடக்கும். அது போனால் அந்த வருஷம் போனது. எண்ணிக்கை லட்சத்தில் இருந்தபோது ஒரு கூடு கலைந்தது செய்தியல்ல. இன்று செய்தி. எந்த ஓடை, எந்த மரம் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் அதை எழுதப்போவதில்லை. சின்னப் பத்திரிகையை யார் படிக்கிறார்கள் என்ற சமாதானமும் வேண்டாம். இடம் தெரிய ஒரு வாசகன் போதும். இ-பேர்ட் என்ற உலகப் பறவைப் பதிவேடுகூடச் சில இனங்கள் தென்பட்ட இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்தே வைக்கிறது.

பாறு என்றதும் தமிழனுக்கு ஞாபகம் வரவேண்டிய இன்னொரு இடம் திருக்கழுக்குன்றம். மலை உச்சியில் உச்சிப் பொழுதில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து இறங்கும், அர்ச்சகர் பிரசாதம் ஊட்டுவார், ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்து, 1990-களின் இறுதியோடு பறவைகளின் வரவு நின்றுபோயிற்று. மருதனாரின் தேர்மணிக்கு நேர் எதிர் கோடி இது. இங்கே பறவை நம் நேரத்துக்கு, நம் பாறைக்கு வந்து நமக்குத் தரிசனம் தரவேண்டும். தெப்பக்காட்டுப் பாலத்தில் செல்ஃபோனை எடுத்தவர் கேட்டதும் தரிசனம்தான். நமது சம்ஸ்காரத்தில் இரண்டும் இருக்கின்றன, நாம் வசதிக்குத் தகுந்தபடி ஒன்றை மேடையில் பேசி மற்றதை வாழ்க்கையில் கடைப்பிடிக்கிறோம். ஆனாலும் திருக்கழுக்குன்றத்துக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர்தான் கிட்டே போனார். கூட்டம் தூரத்தில் நின்றது. பறவை பசியோடு வந்து நிறைந்து போயிற்று. செல்ஃபோன் ஆந்தைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பார்க்காமல் எப்படிப் பிரியம் வரும், பிரியம் வராமல் எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு நியாயம் சொல்கிறார்கள். இதை உதறித் தள்ள முடியாது. ஸ்காட்லாந்தில் அற்றுப்போயிருந்த விரால் அடிப்பான் திரும்ப வந்து லாக் கார்ட்டன் ஏரிக்கரையில் கூடு வைத்தபோது முதலில் ரகசியமாகத்தான் வைத்திருந்தார்கள். 1958-இல் இரவில் ஒருவன் ஏறி முட்டையைத் திருடிவிட்டான். அடுத்த வருஷம் அவர்கள் செய்தது விசித்திரமானது. கூட்டைச் சுற்றிக் காவல் போட்டு, வெகு தூரத்தில் மறைவிடம் கட்டி, தொலைநோக்கி வைத்து, ஜனங்களை வரச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கூடு பிழைத்தது. ஆகவே மறைத்து வைப்பது மட்டுமே வழி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே பார்வையாளனுக்குக் கிடைத்தது தூரத்துக் கிளையில் ஒரு அசைவு. அவன் அதில் திருப்திப்பட்டான். அந்தத் திருப்தியை நம் ஜீப்புக்காரர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

பார்த்தால்தான் பிரியம் என்பதும் முழு உண்மையல்ல. 2020-இல் சிவகங்கைப் பக்கம் பொத்தகுடி என்ற கிராமத்தில் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு வைத்துவிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேல், ஊர் தெருவிளக்கைப் போடாமல் இருந்தது. கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே கலெக்டரிடம் போய், எங்கள் ஏரியில் சுடக்கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். இவர்களில் யாரும் பட்டியல் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. பொத்தகுடியில் ஜனங்கள் செய்தது இருட்டில் நடந்தது மட்டும்தான். மருதனார் கேட்டிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.

இவ்வளவு சொல்லிவிட்டு நம் கவிஞர்களை விட்டுவிட்டால் ஓரவஞ்சனை ஆகும். புதுக்கவிதையில் பறவைக்குப் பஞ்சமில்லை. சிறகு, கூடு, வானம், கூண்டு எல்லாம் தாராளமாக உண்டு. என்ன பறவை என்று மட்டும் கேட்கக்கூடாது. காமிராக்காரன் கிட்டே போய்க் காட்டை அழிக்கிறான் என்றால் கவிஞன் கிட்டேயே போகாமல் அதையே செய்கிறான். இருவர் கையிலும் பறவைக்குப் பின்னால் ஒரே பச்சைக் குழம்பு. ஒருவனுக்கு விடுதலை வேண்டும், இன்னொருவனுக்கு லைக்கு வேண்டும், பறவை யாருக்கும் வேண்டாம்.

விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது பிரமிளின் ‘காவியம்’. அந்தச் சின்னஞ்சிறு கவிதையில் பறவை வருவதே இல்லை, உதிர்ந்த இறகு ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பிரபஞ்ச தரிசனம் என்று தூக்கிவைத்து எழுதுகிறவர்கள் அதிலிருக்கும் எளிய ஸ்தூல உண்மையைத் தவறவிடுகிறார்கள். பறவை போய்விட்டது, அதை யாரும் கலைக்கவில்லை, கிடைத்ததை வைத்துக்கொண்டு பார்க்கிறோம். 2006-இல் அருணாசலப் பிரதேசத்துக் காட்டில் ரமணா ஆத்ரேயா ஒரு புதிய பறவையினத்தை உலகுக்கு விவரித்தார். புகுன் லியோசிக்ளா என்று பெயர். விஞ்ஞான சம்பிரதாயப்படி புதிய இனம் என்றால் ஒன்றைக் கொன்று பதப்படுத்தி மியூசியத்தில் வைக்கவேண்டும், ஜெர்டன் காலத்து வழக்கம். தென்பட்டவையோ மிகச் சில. அவர் கொல்லவில்லை. வலையில் பிடித்து, அளந்து, படமெடுத்து, வலையில் உதிர்ந்திருந்த சில இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறவையைப் பறக்கவிட்டுவிட்டார். அந்த இறகுகளை ஆதாரமாக விஞ்ஞான உலகம் ஏற்றுக்கொண்டது.